ஆளுக்கு ஐந்து கிலோ

தண்ணீர்க் கேனின் மேல் சிவப்பு மெழுகுப் பென்சிலால் 21 என்று எழுதியிருந்தது. துடைக்கிற வாளிக்கு இரண்டு எண்கள்: காலியாக இருந்தால் பச்சையில் 1, நிறைந்திருந்தால் சிவப்பில் 12. இஸ்திரிப் பெட்டி பச்சை. பெரிய குக்கரும் பச்சைதான், ஆனால் உள்ளே எதுவும் போடாதவரைக்கும். காலை ஏழு மணிக்குச் சமையலறையில் நின்றுகொண்டு, எதைத் தொடலாம் எதைத் தொடக்கூடாது என்று சொந்தப் பாத்திரங்களையே படித்துத் தெரிந்துகொள்ளவேண்டிய நிலைமை கண்ணாடிக்காரம்மாவுக்கு வந்திருந்தது. எல்லாம் வீட்டுக்காரரின் வேலை. கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. ஆறு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்ணாடிமேல் குறி போடுகிற பென்சில்களையும் கடையிலிருந்த பழைய எடை மிஷினையும் எடுத்துக்கொண்டு மாடியேறியவர், பொழுது சாய்வதற்குள் வீட்டில் அசைகிற பொருள் அத்தனையையும் எடைபோட்டு எழுதிவிட்டார். மெத்தையைக்கூட நிமிர்த்திவைத்து எழுதினார். தலையணைக்கு வந்தபோதுதான் அவள் பென்சிலைப் பிடுங்கி வைத்தாள்.

பன்னிரண்டு வாரம் அவள் சிகிச்சைக்குப் போய்வந்திருந்தாள். இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கான பயிற்சிச் சிகிச்சை என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் யாரானாலும் என்ன ஏதென்று கேட்டுவிடுவார்கள் என்பதால், அக்கம்பக்கத்தில் இடுப்புப் பிடிப்பு என்றே சொல்லிவைத்திருந்தாள். கடைசி நாளில் தெரபிஸ்ட் ஒரு தாளைக் கொடுத்து, வீட்டில் ஆறு வாரம் இதன்படி இருந்துவிட்டு வந்து காட்டச் சொன்னாள். தினமும் மூன்று வேளை பயிற்சி. மத்தியானம் அரைமணி நேரம் மல்லாந்து படுத்துக் கால்களை நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கழிப்பறையில் முக்கக் கூடாது, காலுக்குக் கீழே குட்டை ஸ்டூல் போட்டுக்கொள்ள வேண்டும். பயந்துகொண்டு தண்ணீரைக் குறைக்கக் கூடாது. ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியைக் கண்ணாடிக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். மற்ற வரிகளில் அவர் செய்வதற்கு ஒன்றுமில்லை. எடை என்றால் அவருக்குத் தெரிந்த சங்கதி.

கண்ணாடி வேலைக்கு இரண்டு முனை உண்டு. ஒரு முனையை ஒருவர் பிடித்தால் மறுமுனையை இன்னொருவர் பிடித்தாக வேண்டும். கல்யாணமாகி மூன்றாம் வருடம், கூட வேலை செய்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்ட ஒரு காலையில்தான் அவள் முதல்முதலாக மறுமுனையைப் பிடித்தாள். அன்றைக்கு அவர் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. "மூச்சை இழுத்து அடக்கிக்க. நான் 'ம்'னு சொன்னதும் தூக்கு. கீழ வைக்கிற வரைக்கும் விடாத." இரண்டு பேர் இரண்டு விதமாக மூச்சு விட்டால் கண்ணாடி ஆடும், ஆடினால் விரிசல் விழும் என்பது அவருக்கு அவருடைய முதலாளி சொன்ன பாடம். அவள் கெட்டிக்காரி. ஒரே மாதத்தில் ஒரு மாடி ஏறுகிறவரைக்கும் மூச்சை அடக்கப் பழகிவிட்டாள். இரண்டாவது மாடி என்றால் திருப்பத்தில் ஒரு வாய் காற்றைத் திருட்டுத்தனமாக விழுங்கிக்கொள்வாள். இருபத்தோரு வருடத்தில் அவள் கையிலிருந்து ஒரு கண்ணாடிகூட நழுவியதில்லை.

நழுவியது வேறு. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தும்மினால் இரண்டு சொட்டு. பிள்ளை பெற்ற எல்லாருக்கும் இருப்பதுதானே என்று விட்டுவிட்டாள். பிறகு இருமினால், பிறகு குனிந்தால். போன இரண்டு வருடத்தில் கனமான கண்ணாடியைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும். கறுப்பு நிறத்தில் மட்டுமே உடை எடுக்க ஆரம்பித்தாள். வேலைக்குப் போகும் நாட்களில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டாள். எந்தக் கட்டடத்தில் எந்த மூலையில் கழிப்பறை என்பது அவளுக்கு அத்துப்படி. யாரிடமும் மூச்சுவிடவில்லை, வீட்டுக்காரரிடமும்தான். ஒரே படுக்கையில் படுக்கிற மனிதரிடம் இதை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வார்த்தையே தேவைப்படாமல் போயிற்று. ஒரு பல் டாக்டரின் புது கிளினிக், மூன்றாவது மாடி, முப்பத்தாறு கிலோ தடுப்புக் கண்ணாடி. அவள் மேலே, அவர் கீழே. இரண்டாவது மாடியைத் தாண்டி ஐந்தாறு படி ஏறியிருப்பார்கள். சொட்டு இல்லை, மொத்தமாகவே போயிற்று. கையில் கண்ணாடி. வைக்கவும் முடியாது, ஓடவும் முடியாது. கால் வழியாக இறங்கிப் படியில் வழிந்தது, அந்தப் படியில் அடுத்து அவர் கால் வைத்தாக வேண்டும். அவள் நேராகப் பார்த்துக்கொண்டு ஏறினாள். மேலே மரக்கட்டைமேல் கண்ணாடியைச் சாய்த்ததும் அவர் இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, வந்த படிகளில் கடகடவென்று கொட்டினார். கீழே சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்க, "மூடி சரியா மூடல போல, நான் தொடச்சிடறேன்" என்று சொல்லித் தன் துண்டாலேயே துடைத்தார். வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகு, "நாளைக்குக் கடை திறக்க வேண்டாம். டாக்டரைப் பார்த்துட்டு வரலாம்" என்றார். அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. அதே நேரம், இனி ஒளிக்கவேண்டியதில்லை என்ற நிம்மதியில் அழுகையும் வந்தது. இரண்டும் சேர்ந்து வந்ததால் எதையும் வெளிக்காட்டாமல் மாடியேறிக் குளிக்கப் போய்விட்டாள்.

டாக்டர் பார்த்துவிட்டு, சிறுநீர்ப்பை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் தேவையில்லை, பயிற்சியிலேயே சரியாகும் என்று அனுப்பிவைத்தார். தெரபிஸ்ட்டுக்கு அவளுடைய மகள் வயதுதான் இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டு கேட்கிற கேள்விகளோ அம்மாவிடம்கூடச் சொல்லாத விஷயங்கள். முதல் நாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பதில் சொன்னாள். "உள்ள இறுக்கி மேல இழுங்கக்கா" என்றால் இவள் பல்லைக் கடித்து மூச்சை அடக்குவாள். தசையின் இழுப்பைக் காட்டுகிற மிஷின் திரையில் மேலே போகவேண்டிய கோடு கீழே இறங்கும். "மூச்சை விடுங்கக்கா, மூச்சை விடுங்க" என்று அந்தப் பெண் மூன்று வாரம் சளைக்காமல் சொன்னாள். நான்காவது வாரம் கோடு தலையைத் தூக்கியது. ஒன்பதாவது வாரம் ஒரு நாள் சந்தையிலிருந்து நடந்து வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, வழியெல்லாம் எங்கே கழிப்பறை என்று தேடவே இல்லை. படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலையிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போலிருந்தது.

உடம்பு தேறிக்கொண்டு வந்தது. தேறாதது வேறொன்று. அவள் சிகிச்சைக்குப் போக ஆரம்பித்த வாரமே மறுமுனைக்கு ஆள் வந்தாயிற்று. அவளுடைய அக்காவின் வீட்டுக்காரர். தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் முத்திரை குத்தி ஓய்வு பெற்று, வீட்டில் அக்காவின் காலைச் சுற்றிக்கொண்டிருந்தவர். சகலைக்கு ஒத்தாசை என்றதும் அக்கா அவரைச் சட்டை மாட்டி அனுப்பிவைத்தாள். நல்ல மனிதர், வாய்தான் ஓயாது. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டே தபால்துறையின் வரலாற்றைச் சொல்லுவார். கண்ணாடிக்காரர் மூச்சை அடக்கிக்கொண்டு 'ம்' என்று சைகை கொடுத்தால், சகலை அதைக் கதைக்குப் போடுகிற ஊம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகத் தொடருவார். வந்த மாதமே ஒரு அலமாரிக் கண்ணாடிக்கு மூலை போயிற்று. அவளோ மேசையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதும் அவளுக்குப் பிடித்த வேலைதான், ஆனால் அது ஒற்றை ஆள் வேலை. இரண்டு பேரும் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகும்போது மேசையில் அவள் கை தானாக நின்றுவிடும். கண்ணாடிக்காரர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. இருபத்தோரு வருடமாக அவருடைய கோபமும் களைப்பும் சந்தோஷமும் கண்ணாடி வழியாகத்தான் அவள் விரலுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த மறுமுனை தன்னுடையது என்று அவள் நினைத்திருந்தாள். சென்ற வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சாதாரணமாக, "இனிமே நீ அளவு எடுத்து வெட்டிக் குடுத்தா போதும். சகல இருக்காரு, நாங்க தூக்கிக்கறோம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள்.

அதனால்தான் இன்றைக்குக் காலையில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பத்து மணிக்கு தெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும். அந்தப் பெண் வாயிலிருந்து தூக்கலாம் என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால், வீட்டுக்காரரிடம் பேச ஒரு பிடி கிடைக்கும்.

பரிசோதனை முடிந்ததும் தெரபிஸ்ட் முகத்திலேயே பதில் தெரிந்தது. "நல்லா வந்திருக்குக்கா. வீட்ல ஒழுங்கா செஞ்சிருக்கீங்க. நெறைய பேரு ரெண்டு வாரத்துல விட்டுடுவாங்க." குறித்துக்கொண்டே, "கடையில என்ன வேலைன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள். கண்ணாடி என்று சொன்னதும் பேனா நின்றது. கடை என்றதும் அந்தப் பெண் இத்தனை நாளும் இவள் கல்லாவில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். இவளும், கேட்டால் வேலையை விடச் சொல்லிவிடுவாளோ என்று பயந்து விளக்கமாகச் சொல்லாமல் விட்டிருந்தாள். "எப்படித் தூக்குவீங்க, செஞ்சு காட்டுங்க" என்று மூலையிலிருந்த மரப்பலகையைக் காட்டினாள் தெரபிஸ்ட். அதில் ஐந்து கிலோ இருக்குமா என்பதே சந்தேகம். கண்ணாடிக்காரம்மா குனிந்து, முழங்காலை மடக்கி, விளிம்பைப் பிடித்து, பழக்கதோஷத்தில் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடக்கி, தூக்கினாள்.

"நிறுத்துங்க. கீழ வைங்க." அந்தப் பெண்ணின் குரல் மெதுவாகத்தான் இருந்தது. "இப்படி மூச்சு பிடிக்க உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க வீட்டுக்காரரு."

தெரபிஸ்ட் ஒரு பலூனை எடுத்து ஊதி, மேலே இரண்டு கையாலும் அமுக்கிக் காட்டினாள். கீழ்ப்பக்கம் பிதுங்கியது. "இதுதான் நடந்திருக்கு. மூச்சை அடக்கித் தூக்கினா பாரமெல்லாம் கீழ வந்து இறங்கும். இது மட்டும்தான் காரணம்னு சொல்லலக்கா. ரெண்டு பிரசவம் இருக்கு, வயசு இருக்கு. ஆனா இதுவும் இருக்கு." பிறகு விரல்விட்டுச் சொன்னாள். ஐந்து கிலோவில் ஆரம்பிக்கலாம். வாரம் போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். தூக்குவதற்கு முன்னால் அடியை மேலே இழுத்துக்கொள்ள வேண்டும், மூச்சை விட்டுக்கொண்டே தூக்க வேண்டும். கீழே கனமாக இழுப்பது போலிருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட வேண்டும். பலகையைப் பத்துத் தடவை தூக்கவைத்து, பத்தாவது தடவை சரியாக வந்த பிறகே அவளை அனுப்பினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது முதலில் சந்தோஷம்தான் இருந்தது. மூன்று நிறுத்தம் தாண்டியதும் கோபம் வந்தது. இருபத்தோரு வருடம். ஒருநாளாவது, ஏம்மா முகம் இப்படிச் சிவக்கிறதே என்று கேட்டிருப்பாரா. வீட்டிலிருக்கிற கரண்டி முதல் கட்டில்வரை எடைபோட்டு எழுதுகிற மனிதர். அடுத்த நிறுத்தத்தில் கோபம் இறங்கி, பாவம் அவருக்கும் யாரோ சொல்லிக்கொடுத்ததுதானே என்று தோன்றியது. சொல்லக் கூடாது, தூக்கலாம் என்று சொன்னதை மட்டும் சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்துகொண்டு இறங்கினாள்.

கடையில் கண்ணாடிக்காரர் மேசைமேல் ஒரு சதுரக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் தையல்காரரின் ஜன்னலுக்கு, நேற்று அவளே வெட்டியது. சகலை ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"நல்லா ஆயிடுச்சாம். கொஞ்சம் கொஞ்சமா தூக்க ஆரம்பிக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"நல்லதாப் போச்சு" என்றார் அவர். முகம் நிஜமாகவே மலர்ந்தது. "வீட்டு வேலையெல்லாம் மெதுவா பார்த்துக்கலாம். இங்க நீ தூக்க வேண்டாம்."

"இங்கதான் தூக்கணும்ங்க."

"வேண்டாம்மா. அன்னைக்குப் பட்டது போதும். நீ படியில நின்ன நெலம இன்னும் என் கண்ணுலயே நிக்குது. சகல இருக்காரு, பாத்துக்கலாம்."

"எனக்கு என்னம்மா, கெடக்குது கழுதை, நான் தூக்கறேன்" என்றார் சகலை பெருந்தன்மையாக. "முழங்கால் மட்டும்தான் கொஞ்சம்."

வீட்டுக்காரரின் அன்பு அவளைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தது. அதைத் தள்ளுவதற்குக் கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். "மூச்சை அடக்கித் தூக்கித் தூக்கித்தான் எனக்கு இப்படி ஆச்சாம். யாரு சொல்லிக் குடுத்ததுன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. எங்க வீட்டுக்காரருன்னு சொன்னேன்."

கண்ணாடிக்காரரின் துணி நின்றுவிட்டது. துணியை நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, பின்பக்கம் கண்ணாடிகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போனார். அங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். சகலை டீ கிளாஸைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தெருவில் ஏதோ அவசரம் இருப்பதுபோல எழுந்து வாசலுக்குப் போனார்.

அவள் பின்னாலேயே போனாள். அவர் அடுக்கின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றிருந்தார். சொன்ன வேகத்தில் பாதியை விழுங்கிவிட்டோமே என்று அவளுக்கு உறுத்தியது. "அது மட்டுமில்லைங்க. ரெண்டு பிரசவமும் சேர்ந்துதான்னு சொன்னாங்க. வயசும் ஆகுதுல்ல."

"பிரசவத்துலயும் பாதிப் பங்கு என்னுதுதானே" என்றார் அவர் திரும்பாமல்.

அவள் பார்வை அடுக்கிவைத்த கண்ணாடிகள்மேல் போயிற்று. அதில் வரிசையாக நாலைந்து மங்கலான கண்ணாடிக்காரர்கள் தெரிந்தார்கள், எல்லாருமே தலைகுனிந்திருந்தார்கள்.

"நீ நல்லா அடக்குறேன்னு பெருமையா இருந்துச்சு எனக்கு" என்றார். "வெளியில சொல்லுவேன், என் வீட்டம்மா மூணு மாடி மூச்சு விடாம ஏறும்னு. கேட்டிருக்கணும். ஒரு தடவையாவது கேட்டிருக்கணும்."

"நானும்தான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"மறுமுனையில வேற ஆளைப் போட்டுடுவீங்கன்னு பயம்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். பதினெட்டு வாரமாக அவள் எதற்காக ஏங்கினாள் என்பது அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். வாசலில் சகலை தெருவில் போகிற யாரையோ பிடித்துவைத்துப் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "அவரு பேசிக்கிட்டே தூக்குறாரே" என்றார் கண்ணாடிக்காரர் மெல்ல. "அறுபத்திரெண்டு வயசு. முழங்காலைத் தவிர ஒரு கோளாறும் இல்ல."

"அவருக்கு மூச்சை அடக்க எங்க நேரம்?"

"எப்படி விடணும்? காட்டு."

மூலையில் கண்ணாடி சுற்றிவந்த அட்டை ஒன்று கிடந்தது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். முதலில் உள்ளே மேலே இழுத்துக்கொள்ள வேண்டும் என்றாள். எங்கே என்று கேட்டார். சொன்னாள். ஆண்களுக்குமா என்றார். எல்லாருக்கும் தசை தசைதான் என்றாள். பிறகு உதட்டைக் குவித்து, விளக்கு அணைக்கிற மாதிரி மூச்சை விட்டுக்கொண்டே எழுந்திருக்க வேண்டும். "ம்" என்று ஆரம்பித்தவர் பழக்கத்தில் மூச்சை அடக்கிவிட்டார், அட்டை கோணிக்கொண்டது. "அது கூடாது. 'உஃப்'னு சொல்லுங்க." அட்டையைத் தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றினார்கள், மேசையைச் சுற்றினார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருடைய மூச்சும் ஒரே கணத்தில் வெளியே வந்தது. கண்ணாடி ஆடாமலிருக்க மூச்சே விடக் கூடாது என்பதில்லை, சேர்ந்து விட்டால் போதும் என்பது இரண்டு பேருக்கும் ஒன்றாகவே புரிந்தது. உள்ளே வந்து பார்த்த சகலை, வெறும் அட்டையை ஊதிக்கொண்டே சுமக்கிற இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவருக்கும் இடுப்புப் பிடிப்பா?" என்று கேட்டார்.

கண்ணாடிக்காரர் அட்டையை வைத்துவிட்டு மேசைக்குப் போனார். தையல்காரரின் ஜன்னல் கண்ணாடி, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், நாலு மில்லி கனம். பச்சைப் பென்சிலை எடுத்து, சதுர மீட்டருக்கு ஒரு மில்லிக்கு இரண்டரை கிலோ என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே மேசை ஓரத்தில் பத்து என்று எழுதினார். அதை இரண்டாக வகுத்தார். அவருக்கு மனக்கணக்கிலேயே தெரியும், இருந்தாலும் எழுதிப் பார்த்தார். பிறகு பென்சிலைக் கீழே வைத்து, "ஆளுக்கு அஞ்சு" என்றார்.

"அதை ஒத்த ஆளே கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போயிரலாமே சகல" என்றார் சகலை.

"போகலாம்" என்றார் கண்ணாடிக்காரர், கையுறையை எடுத்து மனைவியிடம் நீட்டிக்கொண்டே. "நீங்க டீயைக் குடிங்க."

தோல் கையுறைக்குள் அவள் விரல்கள் பதினெட்டு வாரத்துக்குப் பிறகு நுழைந்தன. கண்ணாடியின் இரண்டு பக்கமும் நின்றார்கள். பலகை வேறு, அட்டை வேறு, இது வேறு. எதிர்வீட்டு மாடிக்குப் பன்னிரண்டு படி, வெளிப்பக்கப் படி, தெருவே பார்க்கும். "உனக்கு ஏதாவது ஒரு மாதிரி இருந்தா உடனே சொல்லு. அங்கயே வெச்சிடலாம்" என்றார் அவர். அவள் தலையாட்டினாள். உள்ளே மேலே இழுத்தாள். இந்தத் தடவை சைகையை அவளே கொடுத்தாள்.

"தூக்குங்க."

உஃப். கண்ணாடி எழுந்தது. அதன் குளிர்ச்சியும் கனமும் விரலுக்கு வந்தன. மறுமுனையில் அவர் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்திருப்பதும் வந்தது, பயம் அவருக்குத்தான் அதிகம். கடை வாசற்படி இறங்கினார்கள். தெருவில் கால்வைத்தார்கள். கண்ணாடிக்காரருக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. நான்கு அடிக்கு ஒரு தடவை கன்னத்தை உப்பி, உதட்டைக் குவித்து, உஃப் என்று அவர் விட்ட மூச்சு, பஞ்சரான லாரி டயர்போலத் தெரு முழுக்கக் கேட்டது. எதிரே வந்த ஒரு பெண்மணி ஒதுங்கி நின்றாள். பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஒற்றை ஆள் தூக்குகிற கண்ணாடியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு, அதில் ஒருவர் மலையைப் புரட்டுகிற மாதிரி ஊதிக்கொண்டு போவதை எல்லாரும் பார்த்தார்கள். "அண்ணே, ரொம்ப வெயிட்டோ?" என்று யாரோ கேட்டார்கள். "அஞ்சு கிலோ" என்றார் கண்ணாடிக்காரர் மிகுந்த பொறுப்போடு, மறுபடியும் உஃப் என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வருடமாக அவள் சரியாகச் சிரித்ததில்லை. யாராவது வேடிக்கையாகப் பேசினால் தொடையை இறுக்கிக்கொண்டு உதட்டால் மட்டும் சிரித்துவைப்பாள், பெரிய சிரிப்பு வரும்போல இருந்தால் எழுந்து போய்விடுவாள். இப்போது எழுந்து போகவும் முடியாது, கையில் கண்ணாடி. அடக்கப் பார்த்தாள். மூச்சை அடக்கக் கூடாது என்பதால் அதுவும் முடியவில்லை. நடுத்தெருவில் நின்று, வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தாள். அந்தப் பழைய வெதுவெதுப்பு இதோ கால் வழியாக இறங்கப்போகிறது என்று உடம்பு தானாகக் காத்திருந்தது. வரவில்லை. இன்னும் சிரித்தாள். அப்போதும் வரவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில்தான் தண்ணீர் வந்தது.

"என்னாச்சு? வெச்சிடலாமா? ஏம்மா, வெச்சிடலாமா?" என்று மறுமுனையில் அவர் பதறினார்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "ஒண்ணுமே இல்லைங்க." அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய முகம் முதலில் அழப்போவதுபோலக் கோணி, பிறகு அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

சரக்கு வேன் ஒன்று வந்து நின்றது. வழிவிடுவதற்காக இருவரும் சிரித்துக்கொண்டே இரண்டடி நகர்ந்து கண்ணாடியைக் குறுக்காகத் திருப்பினார்கள். வேன்காரர் போகாமல், ஹாரனும் அடிக்காமல், தானும் எதற்கென்று தெரியாமல் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் கைக்கும் நடுவே, வெயில் பட்ட கண்ணாடிக்குள், ஏறவேண்டிய படிகள் பன்னிரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன.